மாப்பிள்ளை இல்லாமல் நடந்த நிச்சயம்

தெற்கு சூடானில் ஒரு வருஷம் இருந்துவிட்டு வந்தேன் என்று சொன்னால், எங்கள் பக்கத்து ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி அங்கே சண்டையா என்பது. இல்லை என்றால் முகம் தொங்கிவிடும். இரண்டாவது கேள்வி, அங்கிருந்து என்ன வாங்கி வந்தாய். ஒன்றும் இல்லை என்றால் பேச்சு அத்தோடு சரி. துப்பாக்கியும் சுடாமல், செண்ட் பாட்டிலும் வாங்காமல் ஒருத்தன் வெளிநாடு போய் வந்தான் என்பதை ஏற்றுக்கொள்ள குடியாத்தத்துக்கும் பேரணாம்பட்டுக்கும் நடுவில் யாரும் தயாராக இல்லை.

எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருப்பார். மீதிப் பேர் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ இருப்பார்கள். என் அப்பா பேரணாம்பட்டில் ஒரு டேனரியில் தோல் ஊறுகிற டிரம்களைப் பார்த்துக்கொள்கிறவர். அம்மா வீட்டில் பீடி சுற்றுவாள். நான் பத்தொன்பது வயதில் ராணுவத்தில் சேர்ந்தேன். ஆறாவது வருஷம் எங்கள் பட்டாலியனை அமைதிப்படையாகத் தெற்கு சூடானுக்கு அனுப்பினார்கள்.

அங்கே என் வேலையைச் சுருக்கமாகச் சொல்வதென்றால், ஒன்றும் நடக்காமல் பார்த்துக்கொள்வது. விடியும் முன்னே எழுப்பிவிடுவார்கள். ஓட்டம், குளியல், ஷேவிங், பூரி, அப்புறம் டியூட்டி. எனக்குப் பெரும்பாலும் கேட் டியூட்டிதான். வண்டி வரும். நீளக் கம்பியில் மாட்டிய கண்ணாடியை அதன் அடியில் விட்டுப் பார்க்க வேண்டும். நம்பரை எழுத வேண்டும். குறுக்குக் கட்டையைத் தூக்க வேண்டும், இறக்க வேண்டும். வண்டி வராத நேரத்தில் எதிரே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். எதிரே என்ன இருக்கிறது? புல். அதற்கு அந்தப் பக்கம்? இன்னும் புல். சில நாள் பெரிய கொம்பு வைத்த மாடுகளை ஓட்டிக்கொண்டு நெட்டையான ஆட்கள் போவார்கள். கையைத் தூக்குவார்கள், நானும் தூக்குவேன். வாரத்தில் இரண்டு நாள் தண்ணீர் லாரிகளுக்குத் துணையாகப் போய் வருவோம். அதுதான் எங்களுக்கு ஊர் சுற்றல்.

கன்டெய்னர் பெட்டியை அறையாக்கி ஆறு பேரைப் படுக்கவைத்திருந்தார்கள். மழை பிடித்தால் முகாமுக்குப் பின்னால் இருந்த சாக்கடை பொங்கும். வடநாட்டுப் பையன்கள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு திரிவார்கள். நான் மட்டும் நிதானமாக உட்கார்ந்து சப்பாத்தி தின்பேன். அப்பா வேலை முடிந்து வந்து சட்டையைக் கழற்றுகிற வாசத்தில் வளர்ந்தவன் நான். அதெல்லாம் ஒரு நாற்றமா?

எனக்கு அங்கே ஒரே தோஸ்த் சித்தூர்க்காரன். அவன் தெலுங்கில் பாதி தமிழ்தான், என் தமிழில் பாதி அவனுக்குத் தெலுங்காகவே கேட்டது, ஆகவே சிரமமில்லை. ஞாயிற்றுக்கிழமை இருவரும் சமையல் கூடத்தில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு பாத்திரத்தில் ரசம் வைப்போம். அதைக் குடித்துவிட்டு அவன் தன் மகனுக்கு மொட்டை அடிக்கப் போகிற நாளைப் பற்றியே பேசுவான். நான் அவளைப் பற்றிப் பேசுவேன்.

அவள் ஆம்பூர்க்காரி. நான் சூடானுக்குக் கிளம்புவதற்கு முன்னால் கிடைத்த லீவில் எனக்குப் பார்த்த பெண். ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் வேலை. தைத்து வருகிற மேல்தோலில் நூல் பிசிறு இருக்கிறதா, தையல் தவறியிருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுவது. பெண் பார்க்கப் போன அன்று மொட்டை மாடியில் பத்து நிமிஷம் தனியாகப் பேச விட்டார்கள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறேன். அவள்தான் முதலில் கேட்டாள்.

"ஃபோன் பண்ணா எடுப்பீங்களா? இல்ல, மிலிட்டரி மிலிட்டரின்னு சொல்லிப் பேஜார் பண்ணுவீங்களா?"

அந்த ஒரு கேள்வியில் நான் அவுட். இந்தப் பெண்தான், வேறு யாரும் வேண்டாம் என்று கீழே இறங்குவதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

அவர்கள் கம்பெனியில் ஃபோனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரம் அரை மணி. வரிசையில் நின்று ஃபோனை வாங்கி, சாப்பிட்டு, திருப்பிக் கொடுப்பதற்குள் பதினைந்து நிமிஷம் மிஞ்சும். ஊருக்கும் எங்களுக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம். அவளுக்குப் பகல் பன்னிரண்டரை என்றால் எனக்குக் காலை ஒன்பது. அந்த ஒன்பது மணியை டியூட்டி இல்லாமல் காலியாக வைத்துக்கொள்வதற்காக நான் செய்யாத தில்லுமுல்லு இல்லை. அவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அன்றைக்கு எத்தனை ஜோடியைத் தள்ளினாள், சூப்பர்வைசர் யாரைத் திட்டினார் என்று சொல்வாள். நான் எத்தனை வண்டி வந்தது என்று சொல்வேன். இதையெல்லாம் காதல் என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். எனக்கு அந்தப் பதினைந்து நிமிஷம் இல்லாத நாளில் சாப்பாடு இறங்காது.

நான் திரும்பி வந்ததும் கல்யாணம் என்பது பேச்சு. ஆனால் அவளுக்கு வேறு இரண்டு இடங்களிலிருந்து கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். அவள் பெரியப்பா, அந்த வீட்டில் அவர் வைத்ததுதான் சட்டம், ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் செய்துவிட வேண்டும், இல்லையென்றால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். நியாயம்தான். ஆனால் என் லீவு எப்போது வருகிறது என்று பட்டியலைப் பார்த்தால், சரியாக ஆடி பிறந்து நாலாம் நாள். ஆடியில் எந்த வீட்டில் நல்ல காரியம் செய்வார்கள்? லீவுப் பட்டியல் போடுகிற அரியானாக்காரருக்கு ஆடி என்றால் என்ன தெரியும்? நொந்துகொண்டேன்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். மாப்பிள்ளை வராவிட்டால் என்ன, வைகாசியில் நல்ல நாள் பார்த்துத் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம், அவன் ஃபோனில் பார்க்கட்டும், அவன் உட்கார வேண்டிய நாற்காலியில் அவன் படத்தை வைத்துவிடலாம். பட்டாளத்து ஊரில் இது புதிதில்லை. மாப்பிள்ளை எல்லையில் இருக்க, படத்தை வைத்து நிச்சயம் நடந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. அவள் வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள். நான் நீலத் தொப்பியோடு விறைப்பாக நிற்கிற படத்தை அனுப்பினேன். குடியாத்தத்தில் ஒரு ஸ்டுடியோவில் அதைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, அம்மா மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் எடுத்து வந்தாளாம்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டு ஹாலில் ஏற்கெனவே ஒரு ராணுவப் படம் இருக்கிறது. என் சித்தப்பா. நான் சிறுவனாக இருந்தபோது பனிமலையில் போய்விட்டார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அம்மா அந்தக் கண்ணாடியைத் துடைத்து, பொட்டு வைத்து, பூச்சரத்தைப் போட்டு, விளக்கேற்றுவாள். இத்தனை வருஷத்தில் ஒரு வெள்ளி தவறியதில்லை.

நிச்சயம் அங்கே காலை பத்தரைக்கு. எனக்கு ஏழு மணி. எட்டு மணிக்குக் கேட்டில் நிற்க வேண்டும், ஆகவே மேலே வெள்ளைச் சட்டை, கீழே சீருடை பேண்ட்டும் பூட்ஸும். ஃபோனில் இடுப்புக்கு மேலேதானே தெரியும். சமையல் கூடத்துக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் பக்கம்தான் சிக்னல் நன்றாக வரும். அங்கே இரண்டு காலி டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு நானும் சித்தூர்க்காரனும் உட்கார்ந்தோம். அவன் எனக்குத் தலைவாரி விட்டான். சிரிப்பாகத்தான் இருந்தது.

ஊரில் என் தங்கை ஃபோனைப் பிடித்திருந்தாள். ஆம்பூரில் பெண் வீட்டு மொட்டை மாடியில் ஷாமியானா, மைக், நாதஸ்வரப் பாட்டு. நான் "நல்லா தெரியுது" என்று ஒரு வார்த்தை சொன்னதும் என் குரல் மைக்கில் ஏறிக் கூவென்று கத்தியது. யாரோ திட்டினார்கள். தங்கை என் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கும், நான் பேசுவது அவர்களுக்குக் கேட்காது. பரவாயில்லை, நான் என்ன பேசப் போகிறேன் என்று விட்டுவிட்டேன்.

அவள் பச்சைப் பட்டுப் புடவையில் வந்து உட்கார்ந்தாள். ஃபோனைப் பார்த்து ஒரு முறை புருவத்தைத் தூக்கினாள். பக்கத்து நாற்காலியில் என் படம். முன்னால் தட்டுகள், குத்துவிளக்கு. ஐயர் தாம்பூலம் மாற்றச் சொன்னார். அப்பாவும் அவள் அப்பாவும் தட்டை மாற்றிக்கொண்டார்கள். அதோடு முடிந்தது, நிச்சயம் ஆகிவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். சித்தூர்க்காரன் என் முதுகில் தட்டினான்.

அப்புறம் மாலை. என் அம்மா இரண்டு மாலை வாங்கிப் போயிருந்தாள். ஏன் இரண்டு என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. பூக்கடையில் நிச்சயத்துக்கு என்று கேட்டால் ஜோடியாகத்தான் கொடுப்பார்கள். ஒன்றை அவள் கழுத்தில் என் அத்தை போட்டாள். இன்னொன்று தட்டில் இருந்தது. கூட்டத்தில் யாரோ மாப்பிள்ளைக்கும் போடுங்கம்மா என்றார்கள். விளையாட்டாகச் சொன்னார்களோ, நினைக்காமல் சொன்னார்களோ. அம்மா எழுந்தாள். முந்தானையால் என் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். நெற்றியில் சந்தனம் வைத்தாள், குங்குமம் வைத்தாள்.

நான் அதற்குள் டப்பாவிலிருந்து எழுந்துவிட்டேன். அம்மா வேணாம் என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். கையை ஆட்டினேன். தங்கை ஃபோனில் என்னைப் பார்த்தாள். நான் சந்தோஷத்தில் ஆடுகிறேன் என்று நினைத்து அவளும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினாள். அம்மா மாலையை எடுத்து இரண்டு கையாலும் படத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிட்டாள். பிறகு குத்துவிளக்கைக் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

நான் என்னையே பார்த்தேன். பொட்டு, மாலை, விளக்கு, சீருடை.

சித்தூர்க்காரன் "ஐயோ" என்றான். அவன் ஊரிலும் செத்தவர் படத்துக்குத்தான் மாலை. அங்கே ஷாமியானாவில் ஒரு பெண்பிள்ளை வீறிட்டாள், நாற்காலிகள் நகர்ந்தன, பெரியப்பாவின் குரல் கேட்டது. அம்மா இன்னும் படத்தின் முன்னால் நின்று, தான் என்ன செய்தோம் என்று புரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அத்தோடு தங்கை ஃபோனை மடியில் போட்டுவிட்டாள் போல, பாவாடையின் நிறம் மட்டும் தெரிந்தது, பிறகு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்ப அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

எட்டு மணி ஆகிவிட்டது. வெள்ளைச் சட்டையைக் கழற்றி, சீருடைச் சட்டை போட்டு, கவசம் மாட்டி, ஃபோனைப் பெட்டியில் பூட்டிவிட்டுக் கேட்டுக்குப் போனேன். டியூட்டியில் ஃபோன் கூடாது. நான்கு மணி நேரம். ஆறாயிரம் கிலோமீட்டரோ என்னவோ தள்ளி என் கல்யாணம் நின்றுகொண்டிருக்கிறது, என் அம்மா அத்தனை பேர் நடுவில் நிற்கிறாள், நான் லாரிக்கு அடியில் கண்ணாடி விட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு ஏழு வண்டி வந்தது. ஏழிலும் ஒன்றும் இல்லை. அந்த நான்கு மணி நேரம் என் எதிரிக்கும் வரக் கூடாது.

டியூட்டி முடிந்து அப்பாவிடம் பேசினேன். அப்பா டிரம் சத்தத்தில் வேலை செய்து பழகியவர், நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். அன்றைக்குக் கொஞ்சம் கூடப் பேசினார். பெரியப்பா, உயிரோடு இருப்பவனுக்குப் பெற்றவளே இப்படிச் செய்தால் எங்கள் பெண்ணை எதை நம்பிக் கொடுப்பது என்று கேட்டாராம். தாம்பூலத் தட்டைத் திருப்பி வைத்துவிட்டார்களாம். அவள் அப்பாதான் இடையில் புகுந்து, பையன் ஆடி பிறப்பதற்குள் நேரில் வரட்டும், அவன் கழுத்திலேயே ஒரு மாலை போட்டு மறுபடி தட்டு மாற்றிக்கொள்ளலாம், தோஷம் கழிந்த மாதிரி ஆகும் என்று சமாதானம் செய்தாராம். அம்மா எங்கே என்று கேட்டேன். கோயிலுக்குப் போயிருக்கிறாள் என்றார். அடுத்த நாளும் கோயில், அதற்கு அடுத்த நாளும் கோயில். தினமும் பீடி முறத்துக்கு எதிரே ஃபோனைச் சாய்த்து வைத்துக்கொண்டு என்னோடு பேசுகிற அம்மா, அதற்குப் பிறகு ஃபோனுக்கு வரவேயில்லை. மூன்று வேளையும் நான் உயிரோடு இருக்கிறேனா என்று அப்பாவை விட்டுக் கேட்கச் சொல்வாளாம். என்னிடம் மட்டும் பேச மாட்டாள். தன் வாயால் பேசினால் எனக்கு ஆகாது என்று யாரோ சொன்னார்களோ, அவளே நினைத்துக்கொண்டாளோ.

நாங்கள் சாப் என்று கூப்பிடுகிற சுபேதாரிடம் போனேன். வடக்கே மலைப்பக்கத்துக்காரர், நல்ல மனுஷன். அவசர லீவு வேண்டும் என்றேன். யார் இறந்தது என்று கேட்டார். நான்தான் சாப் என்று சொல்ல வாய் வரை வந்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் முழுக்கதையையும் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உன் அம்மா எப்படி இருக்கிறாள் என்றுதான் முதலில் கேட்டார். அப்புறம், வீட்டில் யாராவது சாக வேண்டும், இல்லை சாகக் கிடக்க வேண்டும், அதற்குத்தான் அவசர லீவு, இந்தக் காரணத்தை நான் எந்தப் படிவத்தில் எழுதுவேன் நீயே சொல் என்றார். டீ குடிக்கச் சொன்னார்.

சித்தூர்க்காரனின் லீவு ஆனிக் கடைசியில் இருந்தது. நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை? மகன் மொட்டைக்காக அவன் வருஷம் பூரா காத்திருந்த நாள் அது. அவனே சுபேதாரிடம் போய், இருவர் லீவையும் மாற்றிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தான். முடி எங்கேயும் போகாது, வளர்ந்துகொண்டேதான் இருக்கும், உன் விஷயம் காத்திருக்காது என்றான். நான் அவனைக் கட்டிப்பிடித்து அழுதேன். வெட்கமில்லை.

கணக்குப்படி எனக்கு ஆறு நாள் இருந்தது. முகாமிலிருந்து ஹெலிகாப்டரில் தலைநகருக்கு, அங்கிருந்து விமானம். பையைத் தூக்கிக்கொண்டு மண் ஓடுதளத்துக்குப் போனேன். அன்றைக்கு மழை. அந்த ஊர் கரிசல் மண்ணில் மழை பெய்தால் நடக்கிறவன் பூட்ஸே சேற்றை விட்டு வராது. ஹெலிகாப்டர் வரவில்லை. மறுநாளும் போனேன். வானம் வெளுத்திருந்தது, ஆனால் தலைநகரில் மழையாம். மூன்றாம் நாளும் தகரக் கொட்டகைக்கு அடியில் பையின் மேல் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். வானத்தை யாரிடம் போய்க் கெஞ்சுவது?

அன்றைக்குக் காலை ஒன்பது மணிக்கு அவள் கூப்பிட்டாள். நிச்சயத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது கம்மி. பெரியப்பா இப்படிச் சொன்னார், அப்பா அப்படிச் சொன்னார் என்பதோடு நின்றுவிடும். நான் எடுத்ததும், நாளைக்கு எப்படியும் ஹெலிகாப்டர் வந்துவிடும், ஆடி பிறக்க இன்னும் நான்கு நாள் இருக்கிறது, வந்துவிடுவேன் என்று படபடவென்று சொன்னேன்.

"வராதீங்க," என்றாள்.

பெரியப்பா ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"பெரியப்பாவ நான் சமாளிச்சுடுவேன். அது இல்லங்க. அன்னிக்கு உங்கம்மா உங்க படத்துக்கு மாலை போட்டாங்க இல்ல, எல்லாரும் கத்தினாங்க. எனக்குக் கத்தத் தோணவே இல்ல. பார்க்க அது சரியா இருந்துச்சு. ரொம்ப நாளா எங்க வீட்டுச் செவுத்துல மாட்டியிருந்த மாதிரி இருந்துச்சு. வித்தியாசமாவே தெரியல எனக்கு. அதான் பயமா இருக்கு."

பின்னால் டிபன் பாக்ஸ்கள் மூடுகிற சத்தம் கேட்டது. இங்கே ஒன்றுமே நடக்காது, கட்டையைத் தூக்கி இறக்குவதுதான் என் வேலை என்று உனக்குத் தெரியாதா என்றேன். அது தெரியும் என்றாள்.

"அடுத்து எங்க போடுவாங்க உங்கள?"

தெரியாது என்றேன். உண்மை அதுதான். பட்டாலியன் திரும்பினால் எங்கே போகும் என்று எங்களுக்கு யார் சொல்கிறார்கள்? சித்தப்பாவுக்கும் அப்படித்தான். இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ, ஏதாவது பொய் சொல்லியிருக்க வேண்டுமோ என்று பிறகு எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். அழுகிறாயா என்று கேட்டேன், இல்லை என்றாள். ஃபோனைத் திருப்பிக் கொடுக்கக் கூப்பிடுகிறார்கள், வைக்கிறேன், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றாள். அவ்வளவுதான். இந்தப் பெண்ணைத் திட்ட எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் வெயிலடித்து ஹெலிகாப்டர் வந்தது. ஆடி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது, சொன்ன சொல்படி நான் வீட்டு வாசலில் நின்றேன்.

அம்மா வந்து என் கையைப் பிடித்தாள். தோளைத் தொட்டாள், முதுகைத் தடவினாள். முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்கவில்லை. இளைத்துப் பாதியாகியிருந்தாள். வெள்ளிக்கிழமை சோறு தின்பதில்லையாம், தலையில் பூ வைப்பதில்லையாம். ஹாலில் சித்தப்பா படம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. படத்தைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள் என்று தங்கை ரகசியமாகச் சொன்னாள். அப்பா, இப்போதே ஆம்பூர் போய்ப் பேசலாமா என்றார். வேண்டாம், அவளே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள் என்றேன். அம்மாவின் காதில் அது விழுந்தது.

மறுநாள் பகலில் அம்மா முறத்தை மடியில் வைத்துக்கொண்டு பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்தேன். இதை மட்டுமாவது சரி செய்துவிட்டுப் போக வேண்டும் என்று இருந்தது எனக்கு. கல்யாணம் போனால் போகட்டும், இவள் இப்படிக் கருகிப் போகக் கூடாது.

"அம்மா, அந்த மாலையால கல்யாணம் நிக்கல. அவளே என்கிட்ட பேசினா. என் வேலைதான் அவளுக்குப் பயம். எங்க போடுவாங்க, இன்னா ஆகும்னு பயம். நீ மாலை போடலன்னாலும் ஒரு நாள் இதேதான் ஆயிருக்கும்."

அம்மாவின் விரல்கள் நின்றன. நான் வந்ததிலிருந்து முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கண்ணில் ஒரு ஆசை இருந்தது. நான் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்கிற ஆசை.

"நெஜமாவா? வேலைதான் காரணமா?"

"நெஜமாதாம்மா."

"அப்ப வேலைய வுட்டுட்டு வந்துடு நைனா. நானே ஆம்பூர் போயி அந்தப் பொண்ணு கால்ல வுழுந்து கூட்டியாறேன்."

பென்ஷனுக்கு இன்னும் ஒன்பது வருஷம் இருந்தது. ஆனால் என் வாயை அடைத்தது அது மட்டும்தானா என்று என்னால் சொல்ல முடியாது. விட முடியாதா, விட மனசில்லையா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. சித்தூர்க்காரன், சாப், கேட், புல், எல்லாம் ஒரு நொடி வந்து போயின. அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் முறத்திலிருந்த இலைகளைப் பார்த்தேன்.

"பாத்தியா," என்றாள். "என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்ற. எனக்குத் தெரியாதா?"

குனிந்து அடுத்த இலையை எடுத்தாள். அதற்குப் பிறகு நான் நேரிலும் ஃபோனிலும் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவள் சரி சரி என்று கேட்டுக்கொள்வாள், நம்புவதில்லை. அன்றைக்கு வேலையை விட்டுவிடுகிறேன் என்று பொய்யாகவாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் சொன்ன உண்மையை அவள் நம்பியிருப்பாள்.